பேச்சுத்திறன் புத்தகங்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை நூலகத்திலேயே புரட்டிவிட்டு வந்துவிடலாம்

இது ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களைப் பற்றிய விமர்சனம் இல்லை. வேலூரில் கம்யூனிகேஷன் ஸ்கில் என்று வாயெடுத்தாலே முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் ஞாபகம் வரும். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து சத்துவாச்சாரி வரைக்கும் மாடிக்கு மாடி தொங்குகிற போர்டுகள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. அது வேறு அலமாரி. தமிழோ இங்கிலீஷோ உருதுவோ, எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் ஒரு விஷயத்தைச் சண்டையில்லாமல் பேசி முடிக்க வேண்டும், வேலையும் நடக்க வேண்டும், நாளைக்கு அவர் முகத்தில் முழிக்கவும் முடியவேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஆம்பூர் பக்கம் ஷூ ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போய்ச் சேரும்வரை நடுவில் நின்று பேசி முடிக்கிற ஆள். வெளியே இருந்து பார்த்தால் தோலும் சாம்பிளும்தான் வேலை என்று தோன்றும், ஆனால் நாள் முழுக்க நடப்பது பேச்சுதான். ஒரு பக்கம் ஐரோப்பாவிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையர், இன்னொரு பக்கம் தோல் பதனிடுகிற டேனரி, நடுவில் கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் என்று ஒவ்வொரு டிபார்ட்மென்டும் தனித்தனி ராஜ்ஜியம். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள், "அக்கா, எந்த புக் வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருத்தருக்கும் தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே. பெரும்பாலும் காட்பாடியிலிருந்து போய்வருகிற ரயிலில் படித்தவை. என் கணக்கு ஒன்றுதான்: எப்படிப் பேசுவது என்று சொல்லித்தருகிற புத்தகங்களில் சரக்கு கம்மி, வாயைத் திறப்பதற்கு முன்னால் எதிராளிக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்கச் சொல்லித்தருகிற புத்தகங்களுக்குத்தான் காசு கொடுக்கலாம்.

முதலில் டேல் கார்னகி. இவரை விட்டுவிட்டு இந்தப் பேச்சையே ஆரம்பிக்க முடியாது. 1912ல் நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ.வில் மேடைப்பேச்சு வகுப்பு எடுக்க ஆரம்பித்தவர், வகுப்பில் சொல்லிச் சொல்லி மெருகேறிய விஷயங்களை 1936ல் 'ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள்' என்று புத்தகமாகப் போட்டார். வகுப்பறையிலிருந்து வந்த புத்தகம் என்பது படிக்கும்போதே தெரியும். கதை, கதை, இன்னொரு கதை, கடைசியில் ஒரு வரி விதி. குறை சொல்லாதே, எதிராளிக்குப் பிடித்த விஷயத்தைப் பேசு, வாக்குவாதத்தில் ஜெயிக்க ஒரே வழி அதில் இறங்காமல் இருப்பது, இப்படி. இதெல்லாம் தெரிந்ததுதானே என்று தோன்றும், தெரிந்ததுதான், ஆனாலும் காலையில் ஒருமுறை படித்துவிட்டு ஆபீஸ் போனால் மத்தியானம் வரைக்குமாவது குரல் தாழ்ந்திருக்கிறது.

இவரைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாத இடம் ஒன்று உண்டு. பெயரை ஞாபகம் வைத்துக்கொள், பெயர் சொல்லிப் பேசு, மனிதனுக்கு அதைவிட இனிமையான ஓசை இல்லை என்கிறார். பேரணாம்பட்டில் பரம்பரையாகத் தோல் வியாபாரம் பண்ணுகிற பெரியவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அன்றோடு கணக்கு தீர்ந்தது. "பாய், சலாம், வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றுதான் ஆரம்பம், அப்புறம் அவருடைய பேத்தி எந்தக் காலேஜில் சேர்ந்தாள் என்று மறக்காமல் கேட்டால் போதும், தோல் என்றைக்கு வரும் என்பதை அவரே சொல்லிவிடுவார். ஸ்டிச்சிங் லைனில் என்னைவிட மூத்த பெண்கள் எல்லோரும் அக்காதான், பெயர் தெரிந்தாலும் அக்காதான். அதே காலையில் இத்தாலியிலிருந்து போனில் வருகிற, என் அப்பா வயசு இருக்கக்கூடிய பையரை வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், சார் போட்டால் அவருக்குச் சங்கடமாகிவிடுகிறது. ஆக, கார்னகி சொன்னதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஞாபகம் வைத்துக்கொள்கிற பாகம் மட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. முகஸ்துதி வேறு, மனதாரப் பாராட்டுவது வேறு என்று அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார், ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது. கார்னகி படித்துவிட்டு வந்த சேல்ஸ் பையன்களை உட்கார்ந்த ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம், பையைக்கூடக் கீழே வைத்திருக்க மாட்டார்கள், அதற்குள் "மேடம், உங்க ஆபீஸ் சூப்பரா இருக்கு" வந்துவிடும். எங்கள் ஆபீஸைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

வாங்குகிறவர்கள் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். கார்னகி 1955ல் இறந்தார், நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் கழித்துக் காப்புரிமை போய்விடும், அதனால் 2016லிருந்து அவருடைய பழைய 1936 மூலத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நடைபாதையிலிருந்து ஆன்லைன் வரைக்கும் விதவிதமான அட்டையில் மலிவு விலையில் கிடைப்பதற்கு இது ஒரு காரணம். அமெரிக்காவில் 1981ல் திருத்திய பதிப்பு வந்தபோது கடைசி இரண்டு பாகங்களை, அதாவது கடிதம் எழுதுவது பற்றியதையும் குடும்ப வாழ்க்கை பற்றியதையும், எடுத்துவிட்டார்கள். மலிவுப் பதிப்புகளில் சிலதில் அவை இருக்கும், சிலதில் இருக்காது, பொருளடக்கத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். குடும்ப வாழ்க்கைப் பாகம் அந்தக் காலத்து அமெரிக்கப் புருஷன் பொண்டாட்டிக்கு எழுதினது, நச்சரிக்காதே என்று ஆரம்பிக்கும், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. மொத்தத்தில் கார்னகியை ஒருமுறை படிக்கலாம், நூலகத்தில் எடுத்தால் போதும்.

காசு கொடுத்து வாங்கவேண்டிய முதல் புத்தகம் 'கெட்டிங் டு யெஸ்'. ரோஜர் ஃபிஷர், வில்லியம் யூரி இரண்டு பேரும் எழுதி 1981ல் வந்தது, ஹார்வர்டில் பேரம் பேசுவதைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிற குழுவிலிருந்து. சின்னப் புத்தகம், சுற்றி வளைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆளையும் பிரச்னையையும் பிரித்துப் பார், அவர் வாயால் கேட்பதைப் பார்க்காதே, ஏன் கேட்கிறார் என்று பார், முடிவெடுக்கும் முன் இரண்டு பேருக்கும் லாபம் தருகிற வழிகளைக் கூட்டிக்கொண்டே போ, கடைசியில் இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற ஒரு வெளி அளவுகோலை வைத்து முடி. அவ்வளவுதான் மொத்தமும். நூலகத்தில் ஜன்னலைத் திறக்கணும், மூடணும் என்று இரண்டு பேர் மல்லுக்கட்டுகிற கதை ஒன்று உள்ளே வரும். நூலகர் வந்து ஏன் என்று கேட்கிறார், ஒருவருக்குக் காற்று வேண்டும், இன்னொருவருக்கு நேராக அடிக்கிற காற்று வேண்டாம், பக்கத்து அறை ஜன்னலைத் திறந்துவிடுகிறார், முடிந்தது. 1978 கேம்ப் டேவிட்டில் எகிப்தும் இஸ்ரேலும் சினாய் நிலத்துக்காகப் பேசினதையும் இதே கண்ணோடு விளக்குகிறார்கள். எகிப்துக்குத் தன் மண் தன்னிடம் வரவேண்டும், இஸ்ரேலுக்கு எல்லையில் டாங்கி நிற்கக்கூடாது, கோடு எங்கே போடுவது என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தால் இன்றைக்கும் முடிந்திருக்காது.

இது எங்கள் வேலையில் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். பையர் ஒரு தேதி சொல்லி, மொத்த ஆர்டரும் அன்றைக்குள் வந்தாகவேண்டும் என்று மெயில் போடுவார். கப்பலில் அனுப்பினால் சேராது, மொத்தத்தையும் பிளைட்டில் போட்டால் ஏர் ஃப்ரைட்டிலேயே லாபம் போய்விடும். பழைய பழக்கம் என்னவென்றால் நாங்கள் முடியாது என்போம், அவர் கேன்சல் என்பார், முதலாளி டென்ஷன் ஆவார். அந்தத் தேதியில் அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேட்டால் விஷயம் வேறு மாதிரி இருக்கும். கேட்டலாக்குக்கு ஃபோட்டோ ஷூட், அதற்கு ஒரு சைஸில் சில ஜோடிகள் போதும், கடைக்குச் சரக்கு அப்புறம் வந்தாலும் பரவாயில்லை. அந்தச் சில ஜோடிகளைப் பிளைட்டில் அனுப்பிவிட்டு மிச்சத்தைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏற்றிவிடலாம். புத்தகத்தில் இருக்கிற தத்துவம் இதுதான், ஆனால் கேட்கத் தோன்றவேண்டுமே. முடியாது என்று சொல்வதற்கு எடுத்துக்கொள்கிற அதே நேரம்தான் ஏன் என்று கேட்பதற்கும் ஆகும்.

இதே புத்தகத்தை வீட்டு விஷயத்துக்கும் பயன்படுத்தலாம். கொசப்பேட்டையில் என் அண்ணன் கடை வைத்திருக்கிறார், ஓனர் திடீரென்று வாடகையை ஏற்றினபோது முதலில் அவர் செய்தது சண்டை போடுவதல்ல, ஆரணி ரோட்டில் வேறு இரண்டு கடைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பேச்சு முறிந்தால் என் கையில் என்ன இருக்கிறது என்பதை உட்காரும் முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள் என்று இந்தப் புத்தகம் திரும்பத் திரும்பச் சொல்லும். அப்புறம் அதே வரிசையில் பக்கத்துக் கடைகளுக்கு என்ன வாடகை என்று விசாரித்து அதை முன்னால் வைத்தார். ஓனர் மனம் மாறி அழுதுவிடவில்லை, ஆனால் ஏற்றம் பாதியாகக் குறைந்தது. குறை என்று பார்த்தால், எதிராளி மலை மாதிரி பெரிய பிராண்டாக இருந்து, நீங்கள் அவர்களை விட்டால் வேறு ஆர்டர் இல்லாத சின்ன யூனிட்டாக இருந்தால், இந்தப் புத்தகம் உங்களைப் பலசாலி ஆக்காது. பலம் அதிகமுள்ளவரிடம் என்ன செய்வது என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது, நியாயமாகவும் எழுதியிருக்கிறார்கள், ஆனால் படித்து முடித்தாலும் வயிற்றில் அந்தப் பயம் அப்படியேதான் இருக்கும்.

இரண்டாவது, என் கணக்கில் எல்லாவற்றையும்விடச் சிறந்தது, 'டிஃபிகல்ட் கான்வர்சேஷன்ஸ்'. 1999ல் வந்தது, டக்ளஸ் ஸ்டோன், புரூஸ் பேட்டன், ஷீலா ஹீன் மூன்று பேர் எழுதினது, இவர்களும் அதே ஹார்வர்ட் குழுவைச் சேர்ந்தவர்கள். முந்தின புத்தகம் பேரத்துக்கு என்றால் இது மனஸ்தாபத்துக்கு. ஒரு கஷ்டமான பேச்சுக்குள் ஒரே நேரத்தில் மூன்று பேச்சு ஓடுகிறது என்கிறார்கள்: என்ன நடந்தது என்பது ஒன்று, அதனால் மனசுக்கு என்ன ஆயிற்று என்பது இரண்டு, இதனால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று ஆகிவிடுகிறது என்பது மூன்று. மூன்றாவதைத்தான் நாம் வாய்விட்டுச் சொல்லவே மாட்டோம். சொத்துப் பாகம் பிரிக்கும்போது முக்கால் சென்ட் நிலத்துக்காக அண்ணன் தம்பி பேசாமல் போகிறார்களே, அங்கே நிலமா பிரச்னை? அப்பா என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பதுதான் பிரச்னை. பஞ்சாயத்துக்கு வருகிற பெரியவர்கள் டேப்பை எடுத்து நிலத்தை அளப்பார்கள்.

இந்தப் புத்தகத்திலேயே எங்கள் மாதிரி ஃபேக்டரி ஆட்கள் படிக்கவேண்டிய அத்தியாயம் என்றால், யார்மேல் தப்பு என்று தேடுவதை விட்டுவிட்டு யார் யார் பங்கு என்ன என்று பார் என்கிற அத்தியாயம். தரம் சரியில்லை என்று சரக்கு கழிந்துபோனால் ரிஜெக்ஷன் மீட்டிங் என்று ஒன்று நடக்கும், ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு லாட்டில் இடது கால் ஒரு ஷேட், வலது கால் ஒரு ஷேட். கட்டிங்காரர் ஸ்டோரைச் சொல்வார், ஸ்டோர்காரர் டேனரியைச் சொல்வார், டேனரியிலிருந்து வந்தவர் "சாம்பிள் அப்ரூவல் பண்ணது நீங்கதானே?" என்பார், கடைசியில் அந்த ரூமில் இல்லாத ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு டீ குடித்துவிட்டுக் கலைவார்கள், அடுத்த மாசம் அதே ரிஜெக்ஷன். பங்கு என்று உட்கார்ந்து எழுதினால் வேறு படம் வருகிறது. டேனரி இரண்டு பேட்ச் தோலை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறது, ஸ்டோரில் பேட்ச் சீட்டு பார்க்காமல் கொடுத்திருக்கிறார்கள், டார்கெட் நெருக்குவதால் கட்டிங்கில் ஷேட் பிரிக்க நேரமில்லை, பையர் கலரை உறுதி செய்ய நாளெடுத்துக்கொண்டதால் எல்லாமே கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. இதில் யாரை வேலையைவிட்டுத் தூக்கினாலும் அடுத்த லாட்டும் அப்படித்தான் வரும், பேட்ச் சீட்டை மாற்றினால் வராது. தப்பைத் தேடினால் ஆள் கிடைப்பார், பங்கைத் தேடினால்தான் வேலை சரியாகும் என்பதை இவ்வளவு பொறுமையாக விளக்கின புத்தகம் வேறு நான் படித்ததில்லை.

அவர் மனதில் நினைத்தது வேறு, எனக்கு வலித்தது வேறு, எனக்கு வலித்ததை வைத்து அவர் வேண்டுமென்றே செய்தார் என்று முடிவு கட்டாதே என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. மாமியார் மருமகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி வாங்கிக் கொடுக்கலாம், யார் முதலில் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். இங்கிலீஷ் நடை எளிது, உதாரணங்கள் எல்லாம் அமெரிக்க ஆபீஸ், அமெரிக்க வீடு, அதைத் தாண்டிப் படிக்கிற பொறுமை வேண்டும். நடுவில் கொஞ்சம் இழுவை.

அடுத்து எல்லோரும் ரீல்ஸில் பார்த்துவிட்டுக் கேட்கிற 'நெவர் ஸ்பிளிட் த டிஃபரன்ஸ்', 2016. கிறிஸ் வோஸ் எஃப்.பி.ஐ.யில் ஆள்கடத்தல் பேச்சுவார்த்தை நடத்தினவர், டால் ராஸ் என்பவரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். விறுவிறுப்பில் குறையே இல்லை, காட்பாடியில் ஏறி ஆம்பூரில் இறங்க மறந்துவிடுகிற மாதிரி ஓடும். சரக்கு என்று பார்த்தால் மூன்று நான்கு உத்திதான். எதிராளி கடைசியாகச் சொன்ன இரண்டு மூன்று வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல், அவர் மேலே பேசுவார் என்பது ஒன்று. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, குடியாத்தம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மா இதைத்தான் செய்கிறார்: "பொண்ணுக்கு வரன் பாக்குறோம்." "வரன் பாக்குறீங்களா?" "ஆமா, ரெண்டு வருஷமா." "ரெண்டு வருஷமாவா?" பள்ளிகொண்டா வருவதற்குள் மொத்தக் குடும்பக் கதையும் வெளியே வந்துவிடும்.

அவருடைய இன்னொரு பிரபலமான உத்தி, நேராக மறுக்காமல் "நான் இதை எப்படிச் செய்வது?" என்று கேட்பது. இங்கிலீஷ் போனில் நன்றாக வேலை செய்கிறது. அதையே தமிழில் மேனேஜரிடம் "எப்படி சார் முடியும்?" என்று கேட்டுப்பாருங்கள், அது கேள்வியாகப் போய்ச் சேராது, மூஞ்சியில் அடித்த மாதிரிதான் போய்ச் சேரும். "எதை முதல்ல முடிக்கட்டும், நீங்களே சொல்லுங்க சார்" என்று மாற்றிக்கொண்டால் அதே வேலை நடக்கிறது. இந்த மாதிரி மாற்றிக்கொள்ளும் வேலையை எந்தப் புத்தகமும் நமக்காகச் செய்துதராது.

இவர் புத்தகத்திலும் வருகிறது, நம்மூர் காலேஜ்களில் ட்ரெய்னிங் எடுக்க வருகிறவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஸ்லைடு போட்டுக் காட்டுகிறார்கள்: பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கும் உடலுக்கும் 55 என்று. இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொற்களை வேறு வேறு தொனியில் பதிவு செய்து போட்டும், முகப் படங்களைக் காட்டியும், பேசுகிறவருக்குப் பிரியமா வெறுப்பா என்று கேட்டுப் பார்த்த சோதனைகள் அவை. உணர்ச்சியைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே சொல்லிவிட்டார், யார் கேட்கிறார்கள்? சந்தேகம் இருந்தால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரில் காந்தி ரோட்டில் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, ஸ்கேன் எந்த பில்டிங்கில் என்று விசாரித்துக்கொண்டிருக்கும். வார்த்தைக்கு 7 சதவீதம்தான் என்றால் நம்மூர்க் கடைக்காரர்கள் எதற்காகப் பெங்காலி கற்றுக்கொண்டார்கள், போர்டு எதற்கு அந்த எழுத்தில் எழுதினார்கள்? முகத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்திருக்கலாமே. இந்த 7-38-55 கணக்கு இருக்கிற புத்தகத்தையெல்லாம் தூக்கிப்போடு என்று சொல்லமாட்டேன், ஆனால் அதை முதல் அத்தியாயத்திலேயே அடித்துச் சொல்கிற புத்தகம் என்றால் வாங்கவேண்டாம்.

மார்ஷல் ரோசன்பெர்க் எழுதின 'நான்வயலன்ட் கம்யூனிகேஷன்' பற்றி எனக்கு இரண்டு மனசு. நாலு படி சொல்கிறார். நடந்ததைச் சொல், உனக்கு என்ன தோன்றியது சொல், உனக்கு என்ன தேவை சொல், என்ன செய்யவேண்டும் என்று கேள். இதில் முதல் படி ஒன்றுக்கே புத்தகத்தின் காசு தகும். நடந்தது வேறு, அதன்மேல் நாம் வைக்கிற தீர்ப்பு வேறு, பிரித்துப் பேசு என்கிறார். "நீ எப்பவுமே லேட்" என்றால் சண்டை, "இந்த வாரம் மூணு நாள் கம்பெனி பஸ்ஸ விட்டுட்ட" என்றால் அந்தப் பெண், "குழந்தைக்கு ஜுரம்க்கா" என்று காரணம் சொல்கிறாள். ஆனால் நாலு படியையும் அப்படியே மனப்பாடம் செய்து வீட்டில் பேசிப் பார்த்தீர்கள் என்றால், "நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டியபோது நான் சோர்வாக உணர்ந்தேன், ஏனென்றால் எனக்கு அமைதி தேவைப்படுகிறது" என்று சொன்னால், என் மாமியார் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வசனத்தை விட்டுவிடுங்கள். பாதிக்கு மேல் படிக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம், இதற்கு ஆன்லைனில் பக்தர்கள் நிறைய இருக்கிறார்கள், அடிக்க வரவேண்டாம்.

'க்ரூஷியல் கான்வர்சேஷன்ஸ்', 2002. பெரிய கம்பெனிகளின் ட்ரெய்னிங் ரூமுக்கு ஏற்ற சரக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கெழுத்து வேறு. பயம் வந்தால் மனிதர்கள் ஒன்று வாயை மூடிக்கொள்வார்கள், இல்லை பாய்வார்கள் என்பது நல்ல கவனிப்பு, அதற்கு மேல் உள்ளதை 'டிஃபிகல்ட் கான்வர்சேஷன்ஸ்' இன்னும் நன்றாகச் சொல்லிவிட்டது. 'டாக் லைக் டெட்' மேடையில் பேசுகிறவர்களுக்கு. நம்மில் எத்தனை பேர் மேடையில் பேசிச் சம்பளம் வாங்குகிறோம்? விடுங்கள்.

எழுதுவது பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் தொழிலில் பாதிச் சண்டை மெயிலில்தான் பிறக்கிறது. பார்பரா மின்டோ எழுதின 'த பிரமிட் ப்ரின்சிபிள்' மெக்கின்ஸி என்கிற பிசினஸ் ஆலோசனைக் கம்பெனியிலிருந்து வந்தது, விலை அதிகம், நடை வறட்சி, சாரம் என்னவோ ஒரு வரி: முடிவை முதலில் சொல், காரணத்தைக் கீழே அடுக்கு. ஷிப்மென்ட் தள்ளிப்போகிறது என்றால் அதுதான் முதல் வரி, மழையையும் பவர் கட்டையும் மூன்று பத்தி சொல்லிவிட்டுக் கடைசியில் தேதியைச் சொன்னால் ஜெர்மன்காரர் கொதித்துப்போவார். அதே மெயில் நடையில் பேரணாம்பட்டு பாயிடம் போனைப் போட்டு, எடுத்த எடுப்பில் "உங்க தோல் ரிஜெக்ட்" என்றால் அவர் அடுத்த தடவை போனே எடுக்கமாட்டார். இந்த வித்தியாசத்தை மின்டோ எழுதவில்லை, எழுதவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. வில்லியம் ஜின்சரின் 'ஆன் ரைட்டிங் வெல்' 1976லிருந்து விற்றுக்கொண்டிருக்கிறது, தேவையில்லாத சொற்களை வெட்டு என்பதை அவ்வளவு ருசியாகச் சொல்கிறார், 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்' எழுதுகிற கை தானாக நிற்கும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் மூன்று நிமிஷம் பேசி விஷயத்தைக் கடைசி ஐந்து செகண்டில் வைக்கிறவர்களுக்கு மட்டும் இன்னும் யாரும் புத்தகம் எழுதவில்லை.

தமிழில் இந்த வகையில் நேராக எழுதப்பட்டவற்றில் நான் புரட்டினவை பெரும்பாலும் தன்னம்பிக்கைப் பேச்சு, எழுந்திரு, ஜெயிப்பாய், உன்னால் முடியும், நடுநடுவே ஒரு குறள். குறளைப் போடுகிறவர்கள் அது எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்தால் நன்றாக இருக்கும். பொருட்பாலில் 71வது அதிகாரம் குறிப்பறிதல், 72 அவையறிதல், 73தான் அவையஞ்சாமை. முதலில் எதிராளியின் முகத்தைப் படி, அப்புறம் எந்தக் கூட்டத்தில் நிற்கிறாய் என்று தெரிந்துகொள், பயமில்லாமல் பேசுவது அதற்கு அப்புறம். நம்மூர் வகுப்புகள் எல்லாமே நேராக 73ல்தான் ஆரம்பிக்கின்றன.

மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன, கார்னகிக்கு ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. வாங்கும் முன் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு முட்டினால் வைத்துவிடுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் செலவு ரொம்பக் கம்மி, புத்தகத் திருவிழா நடக்கிற சமயத்தில் தள்ளுபடியும் உண்டு. நடைபாதையில் விற்கிற நகல் பிரதிகளில் எழுத்து மங்கி, சில பக்கம் தலைகீழாக இருக்கும், புதுப் புத்தகங்களுக்கு அது திருட்டும்கூட. நான் வாங்கச் சொன்ன இரண்டும் சேர்ந்தால் ஆம்பூரில் நாலு பேர் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிற காசுக்குள் கிட்டத்தட்ட வந்துவிடும். ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால், ஆபீஸுக்காக என்றால் 'கெட்டிங் டு யெஸ்', வீட்டுக்காக என்றால் 'டிஃபிகல்ட் கான்வர்சேஷன்ஸ்'. முதலாவதில் 2011ல் வந்த மூன்றாம் பதிப்பைக் கேளுங்கள், பேட்டன் பெயரும் அட்டையில் இருக்கும். 1991 பதிப்பு பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நாலு அடிப்படையும் அதிலும் அப்படியேதான் இருக்கிறது.